களைக்கொல்லிக்கு அனுமதி தருவோருக்கும் ஆறு, ஏரிகளைக் கண்காணிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

ஆற்றிலோ ஏரியிலோ எடுத்த நீர் மாதிரியின் அறிக்கையில் "களைக்கொல்லி எச்சம் கண்டறியப்படவில்லை" என்று ஒரு வரி வந்துவிட்டால் கோப்பு மூடப்பட்டுவிடுகிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் மருந்தின் அனுமதி புதுப்பிக்கப்படுகிறது. குடிநீர் எடுக்கும் இடத்துக்குச் சான்றும் கிடைக்கிறது. நீர் வேதியியலிலும் களை மேலாண்மையிலும் வேலை செய்கிறவர்கள் அந்த வரியை வேறு விதமாகப் படிப்பார்கள். மாதிரி மழைக்கு முன்னா, பின்னா? எந்த ஆழத்தில் எடுத்தது? தேடியது தெளித்த மருந்தையா, அது உடைந்து உருவான பொருளையுமா? இவை தெரியாதவரை, தேடிய இடத்தில் தேடிய பொருள் அகப்படவில்லை என்பதற்கு மேல் அந்த அறிக்கை எதையும் சொல்லவில்லை. அனுமதி முறையிலும் கண்காணிப்பிலும் எதை மாற்ற வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

அரை ஆயுள், அதாவது மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் குழப்பம் பெரும்பாலும் அங்கேதான். நீர்–வண்டல் ஆய்வுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) 308 ஆம் வழிகாட்டியின்படி, அடியில் வண்டலும் மேலே நீரும் உள்ள குடுவையில் மருந்தைச் சேர்த்து, இருட்டில், பொதுவாக 100 நாட்களுக்கு மிகாமல் கவனிக்கிறார்கள். அதிலிருந்து இரண்டு வகை எண்கள் கிடைக்கும். மேல்நீரிலிருந்து பாதி மருந்து மறைய எத்தனை நாள் என்பது ஒன்று. குடுவை முழுவதிலும் பாதி சிதைய எத்தனை நாள் என்பது மற்றொன்று. முதல் எண் எப்போதும் அழகாக இருக்கும். விளம்பரத் தாளிலும் சுருக்க அறிக்கையிலும் அதுவே ஏறிவிடுகிறது.

டைக்குவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்க்களைகளுக்கு நேரடியாகத் தெளிக்கப்படும் மருந்து இது. சில நாட்களில் மேல்நீரில் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். நேர்மின்னேற்றம் கொண்ட அந்த மூலக்கூறு களிமண் துகள்களைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்காருகிறது. வண்டலில் அதன் ஆயுள் ஆண்டுக் கணக்கு. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் இதே குணம். களிமண்ணில் இறுகிய டைக்குவாட் பெரும்பாலும் செயலற்றது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கலங்கலான நீரில் இந்த மருந்து வேலை செய்யாமல் போவதற்குக் காரணமும் அதே பிடிப்புதான். ஆனால் எல்லா ஏரியின் அடியும் களிமண் இல்லை. மணலும் அழுகிய இலைதழையும் நிறைந்த அடிப்பகுதியில் பிடிப்பு அந்த அளவுக்கு இறுகாது. எனவே அனுமதி ஆவணத்தில் மேல்நீர் எண்ணும் முழு அமைப்பின் எண்ணும் அருகருகே இருக்க வேண்டும். எந்த வகை வண்டலில் அளந்தது, அதன் களிமண் விழுக்காடும் கரிமக் கார்பன் விழுக்காடும் என்ன என்பதும் கூடவே வர வேண்டும்.

அடுத்தது வெப்பநிலை. ஆய்வகக் குடுவை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஆழமான ஏரியின் அடிநீரோ குளிர்பிரதேச ஆறோ அப்படி இருப்பதில்லை. ஐரோப்பிய மதிப்பீடுகளில் 20 டிகிரியில் கிடைத்த அரை ஆயுளை 12 டிகிரிக்கு மாற்றும்போது சுமார் 2.1 ஆல் பெருக்குகிறார்கள். 30 நாள் என்று ஆய்வகத்தில் வந்த எண் அப்போது 63 நாள் ஆகிவிடும். வேதிப்பொருள்களுக்கான ஐரோப்பாவின் ரீச் விதிமுறையில், நன்னீரில் அரை ஆயுள் 40 நாளைத் தாண்டினால் அது நீடித்து நிலைக்கும் பொருள். 60 நாளைத் தாண்டினால் மிகவும் நீடித்து நிலைக்கும் பொருள். ஒரே மருந்து, ஒரே தரவு. வெப்பநிலைத் திருத்தம் செய்யாதவரை எந்த வகையிலும் சேராமல் தப்பிவிடுகிறது. செய்த உடனே கடைசி வகைக்குப் போய்விடுகிறது. உங்கள் பகுதியின் நீர் எந்த மாதத்தில் எத்தனை டிகிரி என்பது உங்களிடமே இருக்கிறது. அந்த எண்ணை வைத்துத் திருத்துங்கள். சூடான நீர் என்றால் எண் குறையவும் செய்யும். அதில் எங்களுக்கு மறுப்பில்லை.

வெப்பத்தோடு ஒளி, ஆக்சிஜன், பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) ஆகியவையும் சேர்ந்துதான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. 2,4-டி என்ற களைக்கொல்லி ஆக்சிஜன் உள்ள நீரில் நுண்ணுயிர்களால் சுமார் 15 நாளில் பாதியாகும். ஆக்சிஜன் இல்லாத நீர்நிலைச் சூழலில் அதே மருந்துக்கு 41 முதல் 333 நாட்கள் வரை அளவிடப்பட்டுள்ளது. அடிச்சேறு கறுத்து நாற்றமடிக்கும் ஒரு குளத்துக்கு முதல் எண்ணைப் பயன்படுத்துவது தவறு. சல்ஃபோனைல்யூரியா வகை மருந்துகள் அமிலத் தன்மையுள்ள நீரில் வேகமாக உடையும். நடுநிலையிலும் காரத்திலும் நின்றுவிடும். அவ்வகையைச் சேர்ந்த மெட்சல்ஃபியூரான்-மெத்தில் 25 டிகிரியில் பிஎச் 5 இல் மூன்று வாரத்தில் பாதியாகிறது, பிஎச் 7 இல் நீராற்பகுப்பு (நீரோடு வினைபுரிந்து உடைவது) ஏறக்குறைய நடப்பதே இல்லை. பாசி பெருகிய ஏரியில் பகலில் பிஎச் 9 வரை ஏறுவது சாதாரணம். இவ்வகை மருந்துகள் ஹெக்டேருக்குச் சில கிராம் அளவில் தெளிக்கப்படுவதால் பாதுகாப்பானவை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. நீர்த்தாவரங்களைப் பாதிக்க அவற்றுக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே போதும். பல ஆய்வகங்களின் வழக்கமான முறையோ அந்த அளவை எட்டிப்பிடிக்கவே திணறும்.

இனி கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. மண்ணில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே நீருக்குப் போகாது என்று சொல்லிச் சொல்லி அது பாடமாகிவிட்டது. பாதி உண்மை. இரும்பு, அலுமினியம் ஆக்சைடுகளின் பரப்பில் பாஸ்பேட் எங்கே ஒட்டுமோ அங்கேதான் கிளைபோசேட்டும் ஒட்டுகிறது. ஆண்டாண்டாகப் பாஸ்பேட் உரம் இட்டு நிறைந்த மண்ணில் அந்த இடங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மருந்துக்குப் பிடிப்பு குறையும். ஒட்டிய மருந்தும் மண் துகளோடு சேர்ந்து கனமழையில் ஆற்றுக்கு வந்துவிடும். இங்கே ஆய்வகம் செய்யும் தவறு ஒன்று உண்டு. கலங்கிய நீரை வடிகட்டி, தெளிந்த பகுதியை மட்டும் அளந்து, வடிதாளில் தங்கிய சேற்றை எறிந்துவிடுகிறார்கள். எறிந்ததில்தான் கணிசமான பங்கு இருக்கலாம். கலங்கல் நாட்களில் வடிகட்டிய நீர் தனியாகவும் மிதக்கும் துகள் தனியாகவும் அளக்கப்பட வேண்டும்.

கிளைபோசேட் உடைந்து வரும் முக்கியப் பொருள் ஆம்பா. தாய் மருந்தைவிட இது அதிக நாள் நிற்கும். ஆனால் ஆம்பாவைக் கண்டவுடன் விவசாயியைக் கைகாட்டிவிட முடியாது: சலவைத் தூள்களிலும் குளிர்விக்கும் நீர்ச் சுற்றுகளிலும் சேர்க்கப்படும் சில பாஸ்போனேட்டுகளும் உடைந்து ஆம்பாவாகின்றன. கழிவுநீர் சேரும் இடத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி எடுத்தால் எது எங்கிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் தெளிவாகும். ஒரே புள்ளியில் எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு இதைப் பற்றி வாதிடுவது நேர விரயம்.

சிதைவுப் பொருள்களைப் பட்டியலில் சேர்க்காத கண்காணிப்பு பாதிக் கண்காணிப்புக்கூட இல்லை. மெட்டோலாகுளோர், அலாகுளோர் போன்ற களைக்கொல்லிகள் உடைந்து வரும் சல்ஃபோனிக் அமில வடிவங்கள் தாய் மருந்தைவிட எளிதாக மண்ணில் ஊடுருவி, நிலத்தடி நீரில் அதைவிட அதிக அளவிலும் காணப்படுகின்றன. டென்மார்க்கில் டைகுளோபெனில் என்ற களைக்கொல்லி 1997 இல் நிறுத்தப்பட்டது. அதன் சிதைவுப் பொருளான 2,6-டைகுளோரோபென்சமைடு அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்நாட்டு நிலத்தடி நீரில் மிக அதிகமாகத் தென்பட்ட பொருள்களில் ஒன்றாக இருந்தது. குடிநீர்க் கிணறுகள் அதனால் மூடப்பட்டன. ஜெர்மனி 1991 இல் அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தது. அட்ரசினும் அதன் சிதைவுப் பொருளான டீஎத்தில்அட்ரசினும் பல பத்தாண்டுகள் கழிந்தும் அங்கே நிலத்தடி நீரில் பிடிபடுகின்றன. கோடையில் ஆற்றுக்கு நீர் ஊட்டுவது நிலத்தடி ஊற்றுதான் என்பதால், தடையாணை வந்த ஆண்டோடு கண்காணிப்புப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். குறைந்தது பத்து ஆண்டுகள் தொடரலாம்.

இந்த டீஎத்தில்அட்ரசினால் ஒரு நல்ல பயனும் உண்டு. அட்ரசினோடு அதன் விகிதத்தைப் பாருங்கள். விகிதம் சிறியதாக இருந்தால், அண்மையில் தெளித்தது மேற்பரப்பில் வழிந்து வந்திருக்கிறது. பெரியதாக இருந்தால், மண்ணில் நெடுநாள் கிடந்து ஊறி வந்த பழைய நீர். இரண்டு பொருளையும் ஒரே சோதனையில் அளக்கும் ஆய்வகத்துக்கு இதற்குத் தனிச் செலவு கிடையாது.

இப்போது காலம். தெளித்த பின் வரும் முதல் பெருமழைதான் ஆற்றில் சேரும் மருந்தில் பெரும்பங்கைக் கொண்டுவருகிறது. கணக்கு எளிது. ஒரு ஹெக்டேருக்கு 1 கிலோ செயல்பொருள் தெளிக்கப்பட்டது, அதில் 1 விழுக்காடு மட்டும் வழிந்தோடுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 10 கிராம். வழிந்தோடிய நீர் 10 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஹெக்டேரில் 1 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். சிற்றோடையில் இந்த உச்சம் சில மணி நேரம் நிற்கும், பிறகு இறங்கிவிடும். மாதம் ஒரு முறை, அதுவும் மழையில்லாத நாளாகப் பார்த்து, வண்டி போகும் பாலத்தடியில் போத்தலை முக்கினால் அது அகப்படப் போவதில்லை. நீர்மட்டம் குறிப்பிட்ட அளவு ஏறியதும் தானே இயங்கி, ஓட்டத்துக்கு ஏற்ப மாதிரி எடுக்கும் கருவியைத் தெளிப்புப் பருவத்தில் ஆறு முதல் எட்டு வாரம் மட்டுமாவது வையுங்கள். ஆண்டு முழுக்கப் பரவிய பன்னிரண்டு மாதிரிக்குப் பதில் அந்தப் பருவத்தில் பன்னிரண்டு எடுத்தால் அதே செலவில் பல மடங்கு விவரம் கிடைக்கும். கருவிக்கு வழியில்லை என்றால், இரண்டு முதல் நான்கு வாரம் நீரில் தொங்கவிடும் உறிஞ்சு தட்டுகள் உண்டு. அவை அந்தக் காலத்தின் சராசரியைத் தரும். உச்சத்தைத் தராது. கிளைபோசேட் போன்ற மிகவும் கரையும் பொருள்களுக்குச் சாதாரணத் தட்டு பயன்படாது என்பதையும், நீரோட்ட வேகம் மாறினால் உறிஞ்சும் வேகமும் மாறும் என்பதையும் ஒப்பந்தம் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏரியில் சிக்கல் வேறு. கோடையில் நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மழையோடு வரும் குளிர்ந்த கலங்கல் நீர் மேலே பரவாமல் அடிக்குச் சென்றுவிடும். அங்கே ஒளி இல்லை, குளிர், சில சமயம் ஆக்சிஜனும் இல்லை. சிதைவுக்குத் தேவையான எல்லாமே குறைவு. எனவே மேற்பரப்பில் ஒன்று, வெப்பநிலை சட்டென்று மாறும் அடுக்கில் ஒன்று, அடியிலிருந்து ஒரு மீட்டர் மேலே ஒன்று என மூன்று ஆழத்தில் எடுக்க வேண்டும். வண்டலைக் குழாயால் எடுத்து மேல் 2 முதல் 5 சென்டிமீட்டரை மட்டும் பிரித்து அளக்க வேண்டும். வாளியால் அள்ளினால் இருபது சென்டிமீட்டர் பழைய சேறு கலந்து எண் நீர்த்துப்போகும். தூர்வாருவதற்கு முன் இந்த அளவீடு கட்டாயம் தேவை, ஏனென்றால் ஆண்டுக்கணக்கில் கீழே கிடந்ததை இயந்திரம் ஒரே நாளில் கிளறிவிடும்.

போத்தல் சிறு விஷயம் போலத் தோன்றும். டைக்குவாட்டும் பாராகுவாட்டும் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அவற்றுக்குப் பிளாஸ்டிக் போத்தல் வேண்டும்; கிளைபோசேட்டுக்கும் பிளாஸ்டிக்கே பாதுகாப்பு. டிரைஃப்ளூரலின், பென்டிமெத்தலின் போன்ற எண்ணெய்க் குணமுள்ளவை பிளாஸ்டிக்கில் ஊறிவிடும், அவற்றுக்குப் பழுப்புக் கண்ணாடி. ஒரே போத்தலில் எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லும் ஒப்பந்தம் தொடக்கத்திலேயே தோற்றுவிட்டது. குளோரின் கலந்த நீர் என்றால் எடுத்த உடனே சோடியம் தயோசல்ஃபேட் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியில் வரும்போதே குளோரின் கிளைபோசேட்டைத் தின்றுவிடும். பிறகு இருட்டில் 4 டிகிரி. பல மருந்துகளை ஒன்றாக அளக்கும் பொது முறையில் கிளைபோசேட் பிடிபடாது, கரிமக் கரைப்பானில் அது பிரிந்து வராது என்பதால் தனி முறை வேண்டும். "நூறு மருந்துகளுக்குச் சோதித்தோம்" என்ற அறிக்கையில் கிளைபோசேட் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

முடிவு வெளியிடும்போது, அளவிடக்கூடிய குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழ் பார்க்க முடியாத ஆய்வகம் தரும் "இல்லை", 0.05 வரை பார்க்கும் ஆய்வகத்தின் "இல்லை"யோடு ஒப்பிடக் கூடியதல்ல. வரம்புகளும் அப்படியே. குடிநீரில் அட்ரசினுக்கு அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு அட்ரசினும் அதன் குளோரோ சிதைவுப் பொருள்களும் சேர்த்து 100. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்தத் தனிப் பூச்சி, களை மருந்துக்கும் 0.1, எல்லாம் சேர்த்து 0.5. ஐரோப்பிய எண் நச்சுத்தன்மைக் கணக்கில் பிறந்ததல்ல, குடிநீரில் இவை இருக்கவே கூடாது என்ற கொள்கை முடிவு. மேலும் இவை யாவும் மனிதர் குடிக்கும் நீருக்கானவை. பாசிக்கும் நீர்த்தாவரத்துக்கும் குடிநீர் வரம்பை அளவுகோலாக வைப்பது பொருந்தாது, ஒளிச்சேர்க்கையை நிறுத்தவே செய்யப்பட்ட மருந்துக்கு முதலில் மடிவது அவைதான். அட்ரசின், டையுரான் போலத் தாவரத்தின் ஒரே இடத்தைத் தாக்கும் மருந்துகள் சேர்ந்து வரும்போது தனித்தனியே வரம்புக்குள் இருந்தாலும் விளைவு கூடிப்போகும்.

தடுக்கும் பக்கத்துக்கு வருவோம். நெல்வயலில் மருந்திட்ட நீரை மதகு திறந்து உடனே வடிப்பது ஆற்றுக்கு நேராக ஊற்றுவதற்குச் சமம். 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ படுகையில் மாலினேட் என்ற நெல் களைக்கொல்லி கலந்த வடிகால்களில் கெண்டை மீன்கள் செத்து மிதந்தன. தயோபென்கார்ப் என்ற மற்றொரு களைக்கொல்லியால் நகரக் குடிநீர் கசந்தது. மருந்தைத் தடை செய்யாமல், நீரை வயலிலேயே நிறுத்தும் காலத்தைப் படிப்படியாக நீட்டினார்கள். மாலினேட்டுக்கு அது 28 நாள் வரை போனது. ஆற்றில் அளவு பெருமளவு இறங்கியது. நிறுத்திய நாட்களில் மருந்து ஆவியாகவும், வெயிலிலும் நுண்ணுயிரிலும் உடையவும், மண்ணில் ஒட்டவும் நேரம் கிடைக்கிறது. இந்த முறை எங்கே பொய்க்கும் என்பதும் தெரிந்ததே: வரப்பில் நண்டு வளை, ஒழுகும் மதகு, விளிம்புவரை நிரப்பிய வயலில் திடீர் மழை. ஆகவே நாள் கணக்கை மட்டும் விதியாக எழுதாமல், மழையைத் தாங்க வரப்பில் விட வேண்டிய காலி உயரத்தையும் எழுதுங்கள்.

வயலைவிட, மருந்து கலக்கித் தெளிப்பானைக் கழுவும் முற்றம் மோசமாக இருக்கும் படுகைகளும் உள்ளன. லிட்டருக்கு 360 கிராம் கிளைபோசேட் உள்ள கரைசலில் ஒரே ஒரு மில்லிலிட்டர் ஓடையில் சிந்தினால், 36 லட்சம் லிட்டர் நீரை 0.1 மைக்ரோகிராம் வரம்புக்குக் கொண்டுபோக அது போதும். தெளிப்பானின் அடியில் 5 லிட்டர் மீதி இருக்கிறது, கழுவ 30 லிட்டர் நீர் இருக்கிறது என்றால், ஒரேயடியாக ஊற்றிக் கழுவினால் 7 மடங்கு நீர்க்கும். பத்துப் பத்தாக மூன்று முறை கழுவினால் 27 மடங்கு. நீர் அதேதான். கழுவிய நீரைத் தெளித்த வயலிலேயே தெளித்துவிட வேண்டும். முற்றத்தில் கழுவியே ஆக வேண்டும் என்றால் சுவீடனில் 1993 இல் தொடங்கிய உயிர்ப்படுகை முறை இருக்கிறது. பாதி வைக்கோல், கால் பங்கு பீட் (சதுப்பு நிலத்து மட்கு), கால் பங்கு வயல் மண் கலந்து குழியில் நிரப்பி, மேலே புல் வளர்த்து, அதன்மேல் கழுவும் முறை. வைக்கோலை உண்ணும் பூஞ்சைகளே மருந்தையும் உடைக்கின்றன. வைக்கோல் அமிழ அமிழ மேலே புதிதாகச் சேர்க்க வேண்டும். அதிக நீர் விட்டு ஊறவைத்தால் காற்று போய் வேலை நின்றுவிடும்.

ஓடையோரப் புல்பட்டைக்கு மானியம் தருவது நல்லது, ஆனால் அதன்மீது வைத்திருக்கும் நம்பிக்கை கொஞ்சம் கூடுதல். துகளோடு வரும் மருந்தை அது நிறுத்தும். கரைந்து வருவதைக் குறைவாகவே நிறுத்தும். நிலத்தடி வடிகுழாய் பட்டைக்கு அடியில் போய் நேராக ஓடையில் திறந்தால் ஒன்றையும் நிறுத்தாது.

ஏரியில் நேரடியாகக் களைக்கொல்லி தெளிக்க அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களில் சராசரி ஆழம் எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு ஹெக்டேர், உண்மையான ஆழம் 1.2 மீட்டர் என்றால் 12,000 கன மீட்டர். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு 120 கிராம் போதும். கண்மதிப்பில் 2 மீட்டர் என்று எழுதினால் 200 கிராம் போகும், செறிவு கிட்டத்தட்ட 17 ஆகும். ஒரே நாளில் முழு ஏரிக்கும் அடிக்க அனுமதிக்க வேண்டாம். செத்த களை அழுகும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். 30 டிகிரி நீரில் நிறைவு நிலையிலேயே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். மீன் சாவது ஒருபக்கம். ஆக்சிஜன் போனதும் 2,4-டி போன்றவற்றின் சிதைவும் படுத்துவிடும், தெளித்த மருந்து எதிர்பார்த்ததைவிட நீண்ட நாள் நிற்கும். மூன்றில் ஒரு பங்குக்கு, கரையிலிருந்து உள்நோக்கி, அடுத்த பங்குக்கு முன் இரண்டு வார இடைவெளி, விடியற்காலையில் ஆக்சிஜன் அளவீடு என்று அனுமதியிலேயே எழுதுங்கள். அந்த நீரைப் பாசனத்துக்கு எடுப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்: தக்காளி, பருத்தி, திராட்சை மூன்றும் 2,4-டியின் மிகச் சிறு அளவுக்கே இலை சுருண்டுவிடும்.

குடிநீர் நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். படிகாரம் இட்டுத் தெளியவைப்பதும் குளோரின் இடுவதும் அட்ரசினை அகற்றாது, கொதிக்கவைத்தாலும் போகாது. ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் உறிஞ்சு கரி அதைப் பிடிக்கும். ஆனால் இலைச்சாறு கலந்த பழுப்பு நீரில் கரியின் இடத்தை அந்தக் கரிமப் பொருள்களே நிரப்பிவிடும், மின்னேற்றம் கொண்ட சிதைவுப் பொருள்களோ கரியைக் கடந்து போய்விடும். மலிவான வழி, உச்சம் கடந்து போகும் வரை சில மணி நேரம் நீர் எடுப்பை நிறுத்தி இருப்பைக் கொண்டு சமாளிப்பது. அதற்கு, ஆற்றின் மேற்பகுதியில் எந்த வயலில் மதகு திறக்கிறார்கள், எந்த வாரம் தெளிக்கிறார்கள் என்று நிலைய இயக்குநருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விவசாயத் துறையும் நீர் வழங்கல் துறையும் இந்த இரண்டு தகவலைத் தெளிப்புப் பருவத்தில் தினமும் பரிமாறிக்கொள்ளும்படி ஆணையிடுங்கள். வரும் பருவத்துக்கு முன்பே இதைத் தொடங்க முடியும். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
நன்னீர் வேதியியலிலும் களை மேலாண்மையிலும் பணிபுரிவோர்